வாய்க்கால் பாலத்தில் நின்ற ரதம்

"ஆடி, மூன்றாம் சனி. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. ரதம் பாலத்தில் நின்றது. துணி வந்தது. யார் போட்டது, தெரியவில்லை. கேட்கவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கூட்டத்துக்கு யார் தாமதமாக வந்தார், எந்த மழைக்கு எந்தச் சாலை மூழ்கியது என்பதையெல்லாம் எழுதி வைப்பவள் நான். அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் ஆறு துண்டு வாக்கியங்கள் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன்.

மானியப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகச் சில பக்கங்கள் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது, கணக்கு கேட்பது, அறிக்கை வாங்குவது எல்லாவற்றுக்கும் கையேடு இருக்கிறது. அதில் இல்லாத ஒரு மாலையைப் பற்றி எழுதுகிறேன். ஆண்டையும் எஸ்டேட்டின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தேதியில்லாமல் எழுதுவது எனக்குச் செருப்பில்லாமல் நடப்பது போல இருக்கிறது. ஆனாலும் ஒருவருக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன். கோலாலம்பூருக்கு வடமேற்கே, ஈஜோக்கைத் தாண்டி, தஞ்சோங் காராங் போகும் பக்கமாக என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு செம்பனை எஸ்டேட், எண்ணெய்ப் பனைத் தோட்டம். தொழிலாளர்கள் குடியிருந்த அதன் பழைய லயங்களில் பாதி காலி. அங்கிருந்தவர்களுக்கு மலிவு விலை வீடுகள் கிடைத்தன, ஆனால் அவை ஒரு மலாய்க் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, அந்தப் பக்கம். மாரியம்மன் கோவில் எஸ்டேட்டிலேயே நின்றுவிட்டது. திருவிழாவில் அம்மன் ரதம் புது வீடுகளின் வாசலுக்குப் போக வேண்டுமென்றால் கம்பத்துச் சாலை ஒன்றுதான் வழி. அந்தச் சாலையில் சுராவ் இருந்தது, அதாவது கம்பத்துக்காரர்களின் சிறிய தொழுகை இடம்.

எங்கள் மானியம் அங்கே போவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தொழுகை நேரத்தில் உறுமி மேளம் சுராவைக் கடந்திருக்கிறது. வாய்ச்சண்டை கைகலப்பாகி, ரதத்தின் விளக்குகள் உடைந்தன. சுராவின் சார்பில் அதன் பிலால் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுத்தார். தொழுகைக்கு அழைப்பு விடுப்பவர் அவர். இனி ஒரு புகார் வந்தால் அந்தச் சாலைக்குப் பெர்மிட் கிடையாது, ரதம் எஸ்டேட்டுக்குள்ளேயே சுற்றிக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் புது வீடுகளில் தட்டோடு காத்திருப்பவர்களின் வாசலுக்கு அம்மன் வரமாட்டாள்.

அந்த நேரத்தில்தான் சரோஜாவின் குழு விண்ணப்பம் அனுப்பியது. சரோஜா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புது வீடுகளில் ஒன்று அவருடையது. குழுவில் பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள், மற்றவர்கள் கம்பத்து மலாய்ப் பெண்கள். பெண்கள் நடத்தும் அமைதி முயற்சிகளுக்கான சிறு மானியத்துக்கு அவர்கள் கேட்டது பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு கூடாரமும். இதில் அமைதி எங்கே என்று எங்கள் அலுவலகத்தில் சிரித்தார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். திருவிழாவுக்கும் கம்பத்துக் கல்யாண விருந்துக்கும் ஒரே நாற்காலிகள். எடுக்க ஒருவர் வர வேண்டும், எண்ணிக் கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும், கால் உடைந்தால் இருவரும் பேச வேண்டும். எனக்கு அது போதுமானதாகத் தெரிந்தது.

விதிப்படி ஒரு பதாகையும் கொடுத்தோம், மூன்று மொழிகளில், 'அமைதித் திட்டம்' என்று. சரோஜா அதை விரித்துப் பார்த்தார்.

"யாரு சண்டை போட்டா மிஸ், இப்ப அமைதி வர்றதுக்கு? இத வாசல்ல கட்டுனா, சண்டைல இல்லாதவனுக்கும் ஞாபகம் வந்துரும்."

அடுத்த முறை நான் போனபோது, எழுத்து உள்பக்கமாக மடிந்து, அது நாற்காலிகளை மழைக்கு மூடியிருந்தது. பதாகை பயன்பாட்டில் உள்ளது என்று அறிக்கையில் எழுதினேன். அது பொய்யில்லை.

நான் சொல்ல வந்த விஷயம் விண்ணப்பத்தில் இல்லை. இரண்டாம் ஆண்டில்தான், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, சரோஜா சொன்னார். குழுவிலிருந்த ரொஹானா என்ற மலாய்ப் பெண்மணியும் அவரும் ஒரே தொழிற்சாலை வேனில் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போய் வந்தவர்கள். வயதில் மூத்தவர் என்பதால் சரோஜா அவரைக் 'காக்' என்றுதான் சொல்வார். நாம் அக்கா என்பது போல. கம்பத்து எல்லையில் ஒரு வாய்க்கால் பாலம். பாலத்தைத் தாண்டியதும் முதல் வீடு ரொஹானாவுடையது, சுராவ் அதற்குச் சில வீடுகள் தள்ளி, மரங்களின் மறைவில்.

அந்த வேனில் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ரதம் லயங்களைச் சுற்றிவிட்டு அந்திநேர மக்ரிப் தொழுகைக்குச் சற்று முன் பாலத்துக்கு வந்துவிடும், மேளம் நிற்கும். சுராவில் தொழுகை முடிந்ததும் ரொஹானா வீட்டுக்கு வந்து, தான் போர்த்தியிருந்த தெலெகோங்கை, பெண்கள் தொழுகையின்போது தலையோடு அணியும் அந்த வெள்ளை ஆடையை, வாசல் கம்பியில் காயப் போடுவார். பாலத்திலிருந்து அது தெரியும். துணி தெரிந்தால் ரதம் மேளத்தோடு புறப்படலாம்.

கடிகாரம் பார்த்துப் புறப்பட முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். தொழுகை ஒரே அளவு நேரம்தான், அதற்குப் பின் ஓதுவது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும்.

காத்திருக்கும் நேரத்தை நிரப்ப சரோஜா ஒரு பூசையை ஏற்படுத்தியிருந்தார். பாலத்தில் பெண்கள் மாவிளக்கு ஏற்றி எல்லைச் சாமிக்குப் படைப்பார்கள். துணி வந்ததும் பூசை முடியும். கோவில் தலைவருக்கும் பூசாரிக்கும் அது பூசை மட்டும்தான். துணியின் பொருள் தெரிந்தவர்கள் சரோஜா, ரொஹானா, மூன்றாவதாக நான்.

"இதையெல்லாம் பேப்பர்ல போட்றாதீங்க மிஸ்" என்றார் சரோஜா. "நம்ம சாமி அவங்க துணிக்குக் காத்து நிக்கிதான்னு நம்மாளு கேப்பான். தொழுவுற துணிய வெச்சு அவங்களுக்குக் கொடி காட்டுறியான்னு அங்க காக்கிட்ட கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியாது."

எனவே எழுதவில்லை. அதனால் எங்கள் அறிக்கை வறண்டிருந்தது. நாற்காலி, கூடாரம், கூட்டம், தேநீர். இரண்டு ஆண்டாகப் புகார் இல்லை என்ற ஒரு வரிதான் அதில் கனமானது, அதற்கும் காரணம் சொல்லப்படவில்லை. எங்களுக்கு நிதி கொடுத்த அமைப்பின் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது நியாயம். கோலாலம்பூர்க்காரர், சீனர், அழகான மலாய் பேசுவார், நல்ல மனுஷி. மூன்றாம் ஆண்டுக்கு நீட்டிப்பதா என்று முடிவெடுக்கும் முன் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். திருவிழா நாளையே கேட்டார். நான் ஒப்புக்கொண்டேன். உங்களுக்கு நான் சொல்லும் நடைமுறை ஒன்றுதான்: பார்வையாளரை விசேஷ நாளில் அழைத்துப் போகாதீர்கள். அன்று எல்லோருடைய கையிலும் ஏதோ ஒன்று இருக்கும், பார்வையாளரின் கை மட்டும் காலியாக இருக்கும். கேள்விகள் அங்கிருந்துதான் வரும்.

அந்தச் சனிக்கிழமை ரதம் சரியாக வந்தது. சுராவிலிருந்து அழைப்பு கேட்டதும் மேளம் நின்றது. பெண்கள் பாலத்தின் ஓரத்தில் வாழையிலை விரித்து மாவிளக்குகளை வைத்தார்கள். எனக்கு இதெல்லாம் புதிது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேவாலயத்துக்குப் போவது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரோஜா என் பக்கத்தில் வந்து கைத்தொலைபேசியை நீட்டினார். ரொஹானாவின் மகள் அனுப்பிய செய்தி. அம்மாவுக்கு மதியம் தலைசுற்றல், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். வீடு பூட்டி இருண்டிருந்தது. வாசல் கம்பி மட்டும் தெருவிளக்கு வெளிச்சத்தில் வெறுமையாகத் தெரிந்தது.

குழுவிலிருந்த மற்ற மலாய்ப் பெண்களுக்கு சரோஜா அழைத்துப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. வழக்கமாகத் துணி வரும் நேரம் வந்தது, போனது. பூசாரி தீபாராதனை காட்டிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"ஆச்சும்மா. பொறப்படலாம்."

"இன்னும் ஆவல சாமி. ஒரு தேங்காய் பாக்கி இருக்கு" என்றார் சரோஜா.

தேங்காய் உடைந்தது. கற்பூரம் எரிந்தது. பெண்கள் ஒரு தாலாட்டுப் பாடினார்கள், பிறகு இன்னொன்று. கோவில் தலைவர் ரதத்தைவிட்டு இறங்கி வந்தார். முன்னாள் லோரி ஓட்டுநர், நிதானமானவர், ஆனால் அவருக்கும் நெருக்கடி இருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் ரதம் கோவிலுக்குத் திரும்ப வேண்டும் என்பது பெர்மிட்டின் நிபந்தனை. கூட வந்த போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரோஜா, சாமி நிக்கிதா, நீ நிக்கிறியா?"

"ரெண்டு பேருந்தாண்ணே."

மேளக்காரர்கள் கிள்ளானிலிருந்து வந்த இளைஞர்கள். அவர்களில் ஒருவன் உறுமியை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இன்னொரு பாட்டு பாடுனாங்கன்னா எங்களுக்கே அருள் வந்துரும்லா" என்றான். பெண்களே சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் என்னிடம் வந்தார்.

"மிஸ், நீங்க படிச்சவங்க. என்னதான் நடக்குதுன்னு நீங்களாவது சொல்லுங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேன், அப்புறம் மேளத்த எடுக்கச் சொல்லிருவேன்."

அதே சமயம் மறுபக்கத்திலிருந்து கோலாலம்பூர் அதிகாரி கேட்டார், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று. அவர் குரலில் ஆர்வம்தான் இருந்தது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால், வறண்ட அறிக்கையின் முழு விளக்கமும் அவருக்குக் கிடைத்திருக்கும். மூன்றாம் ஆண்டு அங்கேயே உறுதியாகியிருக்கும். ஆனால் தலைவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

சரோஜாவைத் தனியே அழைத்து, நான் வெளியாள்தானே, நடந்து போய்ச் சுராவில் தொழுகை முடிந்ததா என்று பார்த்துவிட்டு வரட்டுமா என்றேன்.

"போவாதீங்க மிஸ்." அவர் என் வழியை மறித்து நின்றார். அதுவரை அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. "காத்து நின்னா நாம நின்னதா இருக்கும். போயி எட்டிப் பாத்தா, கேட்டதா ஆயிரும். இன்னிக்குக் கேட்டா வருஷா வருஷம் கேக்கணும். ஒரு வருஷம் வேணாம்னு சொல்லிருவாங்க."

அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. ஆனால் சரி என்று தெரிவது நேரத்தை நீட்டித் தராது. மேளம் எடுத்தால், உள்ளே இன்னும் ஓதிக்கொண்டிருந்தால், அடுத்த வாரம் புகார். நேரம் கடந்தால் போலீஸ்காரர் எழுதிக்கொள்வார். எப்படியும் சாலை போய்விடும்.

நான் செய்தது சின்ன விஷயம். இன்று யோசித்தாலும் வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு தட்டை எடுத்து அதிகாரியின் கையில் கொடுத்தேன். இது எல்லை விளக்கு, வந்த விருந்தாளி ஏற்றினால்தான் பூசை முடியும் என்றேன். அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. சரோஜா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமா, மேடம்தான் ஏத்தணும். எல்லாத்தையும்" என்று, எரிந்துகொண்டிருந்த விளக்குகளையெல்லாம் பூவால் தட்டி அணைத்துவிட்டார். பூசாரி நெருப்புப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

தலைவருக்கு விருந்தாளியின் முன் கோபப்பட முடியவில்லை. அதிகாரியோ எதையும் அவசரமாகச் செய்கிறவர் இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் குனிந்தார், இது என்ன மாவு, ஏன் நெய், எண்ணெய் ஆகாதா என்று மலாயில் கேட்டார், பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். வாய்க்கால் காற்றில் இரண்டு ஏற்றினால் ஒன்று அணைந்தது.

"மேடம் கையப் பாருங்கடி. ஒரு வெளக்குக்கு ஒரு நெருப்புப் பெட்டி போயிரும்போல" என்றாள் ஒருத்தி.

"போவட்டும். தலைவர் வாங்கித் தருவாரு."

அதிகாரி கடைசி வரிசைக்கு வந்திருந்தார். நான் கம்பியைப் பார்க்காமல் இருக்க முயன்று, விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சரோஜா என் முழங்கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

வாசல் கம்பியில் வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

வீடு பூட்டியபடியே இருந்தது. வாசலில் யாருமில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சரோஜா பூசாரியிடம் திரும்பி, "முடிஞ்சிருச்சு சாமி" என்றார். மேளம் எழுந்தது, ரதம் பாலத்தைத் தாண்டியது. சுராவைக் கடக்கும்போது பார்த்தேன். ஆண்கள் அப்போதுதான் படியிறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிலால் மட்டும் ஏற்கெனவே செருப்போடு சாலையோரம் நின்றிருந்தார். ரதத்தைப் பார்த்தார், தலையசைக்கவில்லை, உள்ளேயும் போகவில்லை.

புது வீடுகளில் எல்லா வாசலிலும் தட்டு இருந்தது. ரதம் நேரத்துக்குத் திரும்பியது.

மறுநாள் தெரிந்தது: கம்பத்தில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். தொழுகைக்குப் பின் அவருக்காக நெடுநேரம் ஓதியிருக்கிறார்கள். குழுவின் மலாய்ப் பெண்கள் எல்லோரும் துக்க வீட்டில் இருந்ததால்தான் தொலைபேசியை எடுக்கவில்லை. வழக்கமான நேரத்தில் நாங்கள் புறப்பட்டிருந்தால், அந்த ஓதலின் நடுவில் உறுமி மேளம் சுராவைக் கடந்திருக்கும்.

திங்கட்கிழமை ரொஹானா வீடு திரும்பினார். சரோஜா பார்க்கப் போனார். ரொஹானாவின் தெலெகோங் அவரோடு மருத்துவமனையில் இருந்திருக்கிறது. வேறொன்று வீட்டுக்குள் பெட்டியில், பூட்டிய கதவுக்குப் பின்னால். கம்பியில் தொங்கியது இரண்டும் இல்லை. ஞாயிறு காலை மகள் வந்தபோது கம்பியில் எதுவும் இல்லை. யாரிடமும் சொன்னதில்லை என்று ரொஹானா சத்தியம் செய்தார். சரோஜாவும் சொன்னதில்லை. நானும்.

சரோஜா ஒன்றைக் கவனித்திருந்தார். ரதத்தோடு அந்த வாசலைக் கடக்கும்போது, துணி முகம் தெரியும் திறப்பின் பக்கமே கிளிப் போடப்பட்டு, கோணலாகத் தொங்கியதாம்.

"பொம்பளை போட்ட துணி இல்ல மிஸ் அது."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சுராவின் அலமாரியில் வெளியூர்ப் பெண்களுக்காகத் தெலெகோங்குகள் மடித்து வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அது ஒரு பொதுத் தகவல், அவ்வளவுதான்.

அதிகாரியின் அறிக்கை ஒரு மாதம் கழித்து வந்தது. அன்பான அறிக்கை. பெண்கள் உயிரோட்டமுள்ள ஒரு பண்பாட்டு நிகழ்ச்சியை நடத்துகிறார்கள், ஆனால் மோதல் தவிர்ப்புக்கான தெளிவான செயல்முறை எதையும் காண முடியவில்லை, பண்பாட்டு நிதியை அணுகலாம் என்றிருந்தது. மூன்றாம் ஆண்டு இல்லை. ஒரு பத்தி எழுதினால் அதை மாற்றியிருக்கலாம். பெயர், இடம் இல்லாமல் எழுதலாமா என்று சரோஜாவைக் கேட்டேன்.

"எழுதுனா டுயிட் வரும்லா மிஸ், பணம் வரும். துணி வராது."

எழுதவில்லை. கோப்பை மூடினேன். கூடாரம் சில மழைக்காலங்கள் தாங்கியது. நாற்காலிகள் இன்னும் இரண்டு பக்கமும் போய் வருகின்றன என்று கேள்வி. ரதம் அதற்குப் பிறகும் ஒவ்வோர் ஆடியிலும் பாலத்தில் நின்றது, ரொஹானா தன் துணியைத் தானே போட்டார். எல்லை விளக்கை விருந்தாளி ஏற்ற வேண்டும் என்பது மட்டும் வழக்கமாகிவிட்டது. எந்த விருந்தாளியும் வராத ஆண்டில் போலீஸ்காரரை ஏற்ற வைத்தார்களாம்.

பின்னர் எஸ்டேட் கைமாறியது. சாலை அகலமாகி, வாய்க்கால் மூடப்பட்டு, கோவில் புது வீடுகளின் பக்கமே இடம் மாறிவிட்டது. ரதம் இப்போது கம்பத்தைக் கடப்பதில்லை. ரொஹானா மகளோடு வேறு மாநிலத்தில் இருக்கிறார். அவரிடமும் சரோஜாவிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆண்டும் எஸ்டேட்டின் பெயரும் வேண்டாம் என்பதுதான் சரோஜாவின் நிபந்தனை.

சரிபார்க்கப்படாத எதையும் அறிக்கையில் விடாதீர்கள் என்று உங்கள் கையேட்டில் இருக்கும். அந்த வரியை எழுதியவளே நான்தான். இங்கே ஒன்றை விடுகிறேன். பிலால் வேலையை விட்டுவிட்டு, தஞ்சோங் காராங்கில் வயல் பக்கமாக மகன் வீட்டில் இருக்கிறார். முகவரி என்னிடம் இருக்கிறது. செகிஞ்சானுக்கு மீன் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தத் திருப்பத்தைக் கடக்கிறேன். வண்டியை நிறுத்தியதில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை கம்பியில் துணியைப் போட்டவர் யார் என்பது இதை எழுதும் நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.